டீசல் வண்டியில் ஆயில் ஒழுகுகிறதா? சொட்டும் இடத்தை விட்டுவிட்டு மேலே பாருங்கள்

வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டு விழுவதைப் பார்த்ததும் நேராகப் பட்டறைக்குப் போகிறோம். அங்கே ஒருவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு “பின் ஆயில் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸ் இறக்கணும்” என்கிறார், நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம், அதன் விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் இறக்கி ஏற்றும் கூலி பல ஆயிரம். அதையும் கொடுத்து முடித்த பிறகு இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் சொட்டு விழும்போதுதான் வயிறு எரியும். இந்த மாதிரி வீணான செலவைத் தவிர்க்க இரண்டே விஷயம் போதும். ஒன்று, சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. இரண்டு, சீல் தானாகக் கெட்டதா, உள்ளே இருக்கும் அழுத்தம் அதைத் தள்ளிக் கெடுத்ததா என்று பார்க்காமல் எந்தச் சீலையும் மாற்றக்கூடாது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் மூன்று பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில், அது இன்ஜின் ஆயில்தானா?

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். டயர் எங்கே நிற்கிறது, முன்பக்கம் எது என்று பேனாவால் குறித்துக்கொண்டால் காலையில் சொட்டு விழுந்த இடம் துல்லியமாகத் தெரியும். டீசல் இன்ஜின் ஆயில், மாற்றிய கொஞ்ச நாளிலேயே புகைக்கரி ஏறி மைக்கறுப்பாகிவிடும், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்சம் பழுப்பாக, கெட்டியாக, கந்தக வாடை தூக்கலாக இருந்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். மெலிசாகப் பரவி மூக்கில் ஏறினால் டீசல். டீசல் கசிவு என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதை முதலில் பாருங்கள், ஏனென்றால் பழைய ஆயிலைக் கழுவிக் கீழே கொண்டுவருவதும் பல சமயம் அந்த டீசல்தான், நாம் ஆயில் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஏசி தண்ணீரைப் பார்த்துப் பதறுபவர்களும் உண்டு, அதற்கு நிறமும் கிடையாது, பிசுக்கும் கிடையாது.

கழுவாமல் தேடாதீர்கள்

பல வருடப் பிசுக்கும் மண்ணும் அப்பிய இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. ஆயில் எங்கே கிளம்பினாலும் கீழே வழியும், ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்பக்கம் தள்ளும், கடைசியில் எல்லாமே சேம்பரின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பின் ஓரத்துக்கோ கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கோ வந்துதான் சொட்டும். அதனால்தான் எல்லாப் பழியும் பின் சீல் மேல் விழுகிறது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீர். சூடான இன்ஜினில் இதைச் செய்யாதீர்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டர், இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), ஒயரிங் கனெக்டர்கள், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரால் மூடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் வாஷரை நேராக இன்ஜினுக்குள் அடிக்க விடாதீர்கள், காமன் ரெயில் வண்டியில் சென்சார் கனெக்டருக்குள் தண்ணீர் போய் அது தனிக் கதையாகிவிடும். காற்றடித்து நன்றாகக் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரை லேசாகத் தூவிவிட்டு இருபது நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் உங்கள் இடம். பவுடர் விலையில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதற்கும் பிடிபடாத கசிவுக்கு ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் யுவி டார்ச்சும் கிடைக்கின்றன, ஆனால் டீசல் ஆயிலில் கரி அதிகம் என்பதால் பழைய கறுத்த ஆயிலில் சாயம் மங்கலாகத்தான் மின்னும். புது ஆயில் மாற்றும் சமயத்தில் கலந்தால் நன்றாகத் தெரியும்.

தேடும்போது ஒரே விதிதான்: நனைந்திருக்கும் இடங்களிலேயே எது உயரத்தில் இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். அடியில் படுத்துப் பார்ப்பதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சீலைத் தொடும் முன் பேக் கம்ப்ரஷன் பாருங்கள்

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள், திரும்பத் திரும்ப ஒழுகுவதற்கு இதுவே பெரிய காரணம். எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதிக்கு இறங்கும். அது பிரீதர் என்னும் காற்றுப்போக்கி வழியாக வெளியேறி, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாயில் சேரும். பிரீதர் அடைத்தாலோ, ரிங் தேய்ந்து வாயு அதிகமானாலோ, உள்ளே அழுத்தம் ஏறி எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். இந்த அழுத்தத்தைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். ஒரு சீலை மாற்றினால் அடுத்தது ஒழுகும், அதையும் மாற்றினால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஒழுகும். சீல் மேல் தப்பே இல்லை.

சோதனை எளிது. வண்டியைச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதைத் தலைகீழாக வாய் மேலேயே சும்மா வையுங்கள். டீசலில் மூடி கொஞ்சம் ஆடுவது சகஜம். தூக்கி எறிகிறது, குபுகுபுவென்று புகை வருகிறது, அல்லது டிப் ஸ்டிக்கே தானாக மேலே எழும்பி நிற்கிறது என்றால் அழுத்தம் அதிகம். அப்போது பிரீதர் பைப்பைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மூடி அடங்கிவிட்டால் அடைப்பு பிரீதரிலோ அதன் ஆயில் செப்பரேட்டரிலோதான், மண்ணெண்ணெயில் கழுவியோ மாற்றியோ தீர்ந்துவிடும். அப்படியும் அடங்கவில்லை என்றால் வாயு உள்ளே இறங்குவதே அதிகம். ரிங்கைக் குறை சொல்லும் முன் டர்போவையும் பாருங்கள், தேய்ந்த டர்போவின் தண்டு வழியாகவும் காற்றும் எக்ஸாஸ்ட்டும் ஆயில் ரிட்டர்ன் பைப்பில் இறங்கி இதே மாதிரி அழுத்தம் கொடுக்கும். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சு விசை கொடுக்கும் வேக்கம் பம்ப் தேய்ந்தாலும் அப்படித்தான்.

மூடி ஆடுவதைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால், உள்ளே தெரியும் ஒரு டியூப்பை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் காற்று போகாதபடி மாட்டுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு வரலாம் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதோடு ஒப்பிடலாம்.

ஆயில் அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். “அதிகமா இருந்தா நல்லதுதானே” என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிய வண்டியில் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலை அடித்து நுரையாக்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே தள்ளும்.

ஆயில் மாற்றிய உடனே ஒழுக ஆரம்பித்தால்

சர்வீஸ் முடித்து வந்த அன்றே சொட்டினால் இன்ஜினைச் சந்தேகப்படாதீர்கள், கை வைத்த இடங்களைப் பாருங்கள். திருகிப் போடும் ஃபில்டராக இருந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு அதன் மேல் புது வளையம் உட்கார்ந்திருக்கலாம். இரட்டை வளையம் என்பது சாதாரணத் தப்பு இல்லை, வேகத்தில் போகும்போது அது பிதுங்கினால் ஆயில் முழுக்க நிமிடங்களில் காலியாகும், இன்ஜின் பிடித்துவிடும் (உள்ளே இறுகி நின்றுவிடும்). புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும், எவ்வளவு என்று ஃபில்டர் மேலேயே அச்சடித்திருப்பார்கள். கப்புக்குள் வைக்கும் காகித ஃபில்டர் என்றால் மூடியின் ஓ ரிங் புதிதா, சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டிரெயின் போல்ட். வாஷர் மாற்றாமல் பழையதையே போட்டு, ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கி, அலுமினியச் சேம்பரின் மரையைக் கொன்றுவிடுவது நடக்கிற கதை. காப்பர் வாஷர் புதிதாகப் போடுங்கள். கைவசம் இல்லையென்றால் பழைய காப்பர் வாஷரைக் கேஸ் அடுப்பில் செந்நிறமாகும் வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகும், அவசரத்துக்கு உதவும். மரை போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், லேத்தில் கொடுத்து இன்செர்ட் மரை போடச் சொல்லுங்கள்.

பானட்டுக்குள் கருகல் வாடை, சிக்னலில் நிற்கும்போது லேசான புகை

இது பெரும்பாலும் டேப்பட் கவர் பேக்கிங். மேலே கசியும் ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலோ டர்போ மேலோ விழுந்து எரிகிறது, கீழே ஒரு சொட்டும் விழாமலே இருக்கலாம். கவரின் ஓரம் முழுக்க விரலால் தடவுங்கள், முக்கியமாகக் கைக்கு எட்டாத பின் மூலையை. ரப்பர் பேக்கிங் சூட்டில் கல்லாகி வளைத்தால் ஒடியும். புதிது போடும்போது இரண்டு பரப்பும் பிசுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். கேம் மூடி, டைமிங் கவர், ஹெட் மூன்றும் சந்திக்கும் மூலைகளில் மட்டும் துளி சிலிகான் பசை. போல்ட்டை நடுவிலிருந்து வெளியே போகும்படி, மேனுவல் சொல்லும் டார்க் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பழைய ஜீப் வகை வண்டிகளின் தகரக் கவரும் கார்க் பேக்கிங்கும் அதிகம் இறுக்கினால் போல்ட் இருக்கும் இடம் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் வாய் திறக்கும். அப்படிக் குழிந்திருந்தால் தகரத்தைத் தட்டி நேராக்கிய பிறகே பேக்கிங் போட வேண்டும்.

இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகத் தார் மாதிரி கட்டியாக இருந்தால் அது ஆயில் கசிவு இல்லை. இன்ஜெக்டரின் அடி வாஷர் கெட்டு, எரிந்த வாயு மேலே வருகிறது, கூடவே “சக் சக்” என்று சத்தமும் கேட்கும். விட்டுவைக்க விட்டுவைக்க அந்தக் கட்டி இறுகி இன்ஜெக்டரைக் கழற்றவே முடியாமல் போய்விடும்.

நிற்கும்போது சொட்டு இல்லை, ஓட்டிவிட்டு வந்தால் நனைந்திருக்கிறது

அழுத்தத்தில் ஆயில் போகும் வழிகளைப் பாருங்கள்: ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் ஹவுசிங், ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப். பிரஷர் ஸ்விட்சின் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் ஆயில் இருந்தால் ஸ்விட்ச் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, வேறு எதையும் தேட வேண்டாம், சின்னச் செலவோடு முடிந்தது. ஆயில் கூலர் பேக்கிங் என்றால் ஆயிலோடு கூலன்ட் கலந்திருக்கிறதா என்று ரேடியேட்டர் டப்பாவையும் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு மட்டும்.

நம் ஊரில் நிறைய டீசல் வண்டிகளில் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும், அதற்கு ஒரு சின்ன ஆயில் குழாயும் ஒரு ரிட்டர்ன் குழாயும் போகும். இந்த ரப்பர் குழாய்கள் வெடித்தும், பம்ப்பின் ஓ ரிங் கெட்டும் ஒழுகுவது அடிக்கடி நடக்கிறது. இதை உடனே சரிசெய்யுங்கள், ஏனென்றால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய பிறகு மட்டும் கசிவு தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. நீளவாட்டில் இன்ஜின் வைத்த வண்டி ஏற்றத்தில் போகும்போது ஆயில் பின்பக்கம் சேரும், சூட்டில் மெலிசாகும், லோடில் பேக் கம்ப்ரஷனும் ஏறும். மூன்றும் சேர்ந்து, சமதளத்தில் தாக்குப்பிடித்த பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சோதனை ஓட்டத்தை முடிந்தால் ஏற்றத்திலேயே வையுங்கள்.

முன்பக்கம், கிராங்க் புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்திருக்கிறது

புல்லிக்குப் பின்னால் இருந்து வட்டமாகத் தெறித்த கோடு இருந்தால் முன் கிராங்க் சீல். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கமாக வழிந்திருந்தால் டைமிங் கவர் இணைப்பைப் பாருங்கள். சீலை மாற்றும்போது, புல்லியின் கழுத்தில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது, புல்லியை மாற்றுங்கள் அல்லது மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் போடுங்கள்.

உங்கள் இன்ஜினில் டைமிங் செயினா பெல்ட்டா என்று தெரிந்துகொள்வது இங்கே ரொம்ப முக்கியம். 1.3 லிட்டர் மல்டிஜெட் செயின் இன்ஜின், செயின் ஆயிலிலேயே ஓடுவது, அதனால் அதற்குக் கெடுதல் இல்லை. டஸ்டரின் 1.5 டீசல், பழைய இன்னோவாவின் 2.5 டீசல் எல்லாம் பெல்ட். காய்ந்த இடத்தில் ஓட வேண்டிய அந்த பெல்ட்டில் ஆயில் பட்டால் ரப்பர் ஊறி, பல் பெயர்ந்து, வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். சீலை மட்டும் மாற்றிவிட்டு, ஊறிய பெல்ட்டைத் துடைத்து மறுபடி போடவே கூடாது, கிலோமீட்டர் மிச்சம் இருந்தாலும் புது பெல்ட்தான்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு

“பின் சீல்” என்று உடனே தீர்ப்புச் சொல்லப்படும் இடம் இதுதான், பல நேரம் தீர்ப்பு தப்பாக இருப்பதும் இதே இடத்தில்தான். கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இதையெல்லாம் பார்த்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். டேப்பட் கவரின் பின் மூலை காய்ந்திருக்கிறதா? ஹெட்டின் பின்பக்கம் கேம் துளையை மூடும் ரப்பர் மூடி காய்ந்திருக்கிறதா? பல கார்களில் வேக்கம் பம்ப் கேம் நுனியில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே இருக்கிறது, அதன் ஓ ரிங் கசிந்தால் ஆயில் நேராகக் கியர்பாக்ஸ் மேல் வழிந்து பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் சொட்டும், பார்ப்பதற்கு அச்சு அசல் பின் சீல் மாதிரியே இருக்கும். ஒரு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேலேயிருந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிற விஷயம். டர்போ ரிட்டர்ன் பைப்பையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் அடித் துளையிலிருந்து மட்டும் ஆயில் வந்தால் உள்ளேதான் பிரச்சினை. அப்போதும் முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், இன்ஜின் பக்கம் குற்றம் இல்லை. கிளட்ச் வழுக்குகிறது, ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் ஆயில் கிளட்ச் பிளேட் வரை வந்துவிட்டது. பெட்ரோலில் கழுவிய பிளேட் கொஞ்ச நாள்தான் பிடிக்கும், புதிது போடுங்கள்.

இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவானால் ஒரே முறையில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். முதலில் புல்லியை முன்னும் பின்னும் நெம்பி கிராங்கின் ஆட்டத்தைப் பாருங்கள். திரஸ்ட் வாஷர் தேய்ந்து கிராங்க் முன்னும் பின்னும் ஓடினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலும் பிழைக்காது. பழைய சீலை எடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் கிராங்கில் கீறாமல் எடுங்கள், ஒரு கீறலே அடுத்த கசிவு. பள்ளம் விழுந்திருந்தால், இடமிருக்கும் இன்ஜினில் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் அதன் உதடு (தண்டில் உரசும் விளிம்பு) புது இடத்தில் உரசும், இல்லாவிட்டால் ஸ்லீவ்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண ரப்பர் உதடு உள்ள சீலுக்கு ஆயில் தடவிப் போடுவதுதான் வழக்கம். ஆனால் புதுத் தலைமுறை டீசல்கள் பலவற்றில் வருவது டெஃப்லான் உதடு. அதைக் காய்ந்தபடியே, கூட வரும் பிளாஸ்டிக் ஸ்லீவை வைத்தே ஏற்ற வேண்டும். ஆயில் தடவினாலோ விரலால் உதட்டை நிமிர்த்தினாலோ அது ஒழுங்காகப் படியாது. ஏற்றிய பிறகு சில மணி நேரம் விட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். “நான் எத்தனையோ சீல் போட்டிருக்கேன்” என்று சொல்லும் நல்ல மெக்கானிக்கும் இதில் சறுக்குகிறார், பழக்கம் அப்படி. சீல் உட்காரும் தட்டின் பின்னால் இருக்கும் பேக்கிங்கையும் இப்போதே மாற்றுங்கள், ரிலீஸ் பேரிங்கையும்தான்.

டர்போ குழாய்களில் ஆயில்

பிரீதரிலிருந்து வரும் ஆயில் ஆவி குழாய்க்குள் மெல்லிய படலமாகப் படிவது சகஜம். குழாய் இணைப்பில் லேசாக ஈரம் என்றால் பெரும்பாலும் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் ஆயில் ஊற்றுகிறது என்றால் அது வேறு. மூன்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் டர்போ வாயில் உறிஞ்சும் விசை அதிகமாகி ஆயிலையும் சேர்த்து இழுக்கும். டர்போவின் ரிட்டர்ன் பைப்பில் ஆயில் தன் எடையில்தான் கீழே இறங்குகிறது, அழுத்தத்தில் இல்லை. பைப் கரி பிடித்துக் குறுகினாலோ, யாராவது அதன் ஃபிளாஞ்சில் சிலிகான் பசையை அப்பி அது உள்ளே பிதுங்கித் துளையை அடைத்தாலோ, ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போ சீல் வழியாக வெளியே வரும். டர்போ மாற்றிய பிறகும் ஒழுகுகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பைப். மூன்றாவது பேக் கம்ப்ரஷன், மேலே சொல்லிவிட்டேன். இந்த மூன்றும் சரியாக இருந்து, டர்போ தண்டைக் கையால் அசைத்தால் சக்கரம் உறையில் தட்டுகிறது என்றால், டர்போ போய்விட்டது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்டர்கூலரில் தேங்கிய ஆயில் ஒரேயடியாக இன்ஜினுக்குள் போனால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஆர்பிஎம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். கையியக்கக் கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். அது முடியவில்லை என்றால் எல்லோரையும் இறக்கித் தூரமாக விலகுங்கள். கையையோ துணியையோ ஏர் வாயில் வைத்து அடைக்கப் போகாதீர்கள்.

சேம்பர் ஓரத்தில் கசிவு

மேலே எல்லாம் காய்ந்து சேம்பர் இணைப்பு மட்டும் நனைந்திருந்தால் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், கல்லில் அடிபட்டு வளைந்திருக்கிறதா பாருங்கள். பேக்கிங் இல்லாமல் பசையாலேயே ஒட்டும் சேம்பர்கள் இப்போது அதிகம். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்து, அனபாண்ட் மாதிரியான சிலிகான் பசையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக விடுபடாமல் போடுங்கள். அதிகமாகப் போட்டால் உள்ளே பிதுங்கிய பசை துண்டாகி ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், இன்ஜின் பிடிக்கும். டியூப்பில் சொன்ன நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள். வெளியிலிருந்து கசிவின் மேல் பசை பூசுவது வேலைக்கே ஆகாது, ஆயில் பட்ட இடத்தில் பசை ஒட்டாது.

வெளியே ஒன்றும் இல்லை, ஆனால் அளவு குறைகிறது (அல்லது ஏறுகிறது)

நீலப்புகை என்றால் எரிகிறது. ரேடியேட்டர் டப்பாவில் பிசுக்கு என்றால் ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், வேக்கம் பம்ப் ஆயிலை அங்கே தள்ளினால் பூஸ்டரின் ரப்பர் கெட்டு பிரேக்கே பாதிக்கும்.

அளவு ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம், பெரும்பாலும் டீசல் கலக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்த பிறகு டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டிகளில், கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். பக்கத்திலேயே ஓட்டிவிட்டு அணைத்துவிடும் வண்டிகளில் அந்த எரிப்பு முடியாமலே திரும்பத் திரும்ப நடப்பதால் இது அதிகம். மெலிந்த ஆயில் சீல்களில் சுலபமாகக் கசியும், பேரிங்குகளையும் தேய்க்கும். ஆயிலை மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

எவ்வளவு ஒழுகினால் ஓட்டலாம்?

ஏறக்குறைய 20 சொட்டு 1 மில்லி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு ஒரு நாள் முழுக்க விழுந்தால் 70 மில்லி போகும். பல கார்களில் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் சுமார் ஒரு லிட்டர்தான். 1.3 டீசல் மாதிரி மூன்று லிட்டர் சொச்சமே பிடிக்கும் இன்ஜினில் ஒரு லிட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு. ராத்திரிக்கு ஒன்றிரண்டு சொட்டு என்றால் வாரா வாரம் அளவு பார்த்துக்கொண்டு நிதானமாகச் சரிசெய்யலாம். எக்ஸாஸ்ட் மேல் விழுகிறது, டைமிங் பெல்ட்டில் படுகிறது, அழுத்தப் பைப்பில் கசிகிறது என்றால் ஓட்டாதீர்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே என்று பார்க்காமல் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

ஒழுகலை நிறுத்தும் திரவம் என்று விற்பதைப் பலர் கேட்கிறார்கள். அது இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து மெதுவாக்கும், சிலருக்குச் சில மாதம் தள்ளும். பசை இணைப்பு, காப்பர் வாஷர், பள்ளம் விழுந்த கிராங்க் எதற்கும் அது உதவாது. என் கருத்தில், டர்போ டீசலில் அந்தக் காசை ஒரிஜினல் பேக்கிங்குக்குச் செலவு செய்வது நல்லது. சென்னை ஜி.பி. ரோடு மாதிரியான இடங்களில் வாங்கும்போது டர்போ, எக்ஸாஸ்ட் பக்கத்துச் சீல்களுக்குச் சூடு தாங்கும் விட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண நைட்ரைல் அந்தச் சூட்டில் சீக்கிரம் கல்லாகிவிடும்.

வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை கழுவித் துடைத்து, ஆயிலை மேல் கோடு வரை வைத்து, அரை மணி நேரம் லோடோடு ஓட்டிவிட்டு வந்து அதே இடத்தில் டார்ச் அடியுங்கள். அட்டையை ஒரு வாரம் அடியிலேயே விரித்து வையுங்கள். பட்டறையில் செய்த வேலை என்றால் பணம் கொடுக்கும் முன் கழற்றிய சீலையும் பேக்கிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உதடு மெதுவாக, விரிசல் இல்லாமல், இன்னும் வளைகிற நிலையில் இருந்தால் கசிவு அங்கே இருந்திருக்க வாய்ப்பு குறைவு, உடனே ஆயில் மூடியைக் கழற்றி பேக் கம்ப்ரஷனை மறுபடி சோதியுங்கள்.